நாற்பது நாற்காலிகளும் நிறைந்தன

"பொதுமக்கள் கருத்தைக் கேட்கத்தான் இந்தக் கூட்டம். அதனால நான் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் பேசாதீங்க!"

போக்குவரத்துத் துறை இயக்குநர் இப்படி ஆரம்பித்தபோது மணி பத்து. முடித்தபோது பதினொன்று. நடுவில் 'மக்கள்' என்ற சொல்லை முப்பது தடவையாவது சொல்லியிருப்பார். அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோதெல்லாம் அரங்கம் கைதட்டியது.

முன்வரிசையில் இருந்த அமைச்சகப் பார்வையாளர், நடுத்தர வயதுப் பெண்மணி, திரும்பித் திரும்பிப் பார்த்தார். நாற்பது நாற்காலிகளும் நிறைந்திருந்தன.

"ஆச்சரியமா இருக்கு சார். மத்த இடத்துல இந்த மாதிரிக் கூட்டத்துக்கு மூணு பேர் வருவாங்க. அதுல ஒருத்தர் ஃபேன் காத்துக்காக வந்திருப்பார்."

"எல்லாம் ஜனங்க என்மேல வச்சிருக்கிற நம்பிக்கை மேடம்." இயக்குநர் இதை அடக்கமாகச் சொல்லப் பார்த்தார். பழக்கமில்லாததால் வரவில்லை.

கதவருகே, துறை ஊழியர்களை ஏற்றிவரும் பஸ்ஸின் டிரைவர், தன் வீட்டு விசேஷத்துக்குக் கூட்டம் வந்ததைப் போல மார்பை நிமிர்த்தி நின்றிருந்தார்.

திரையில் திட்டம் தெரிந்தது. பதினாலாம் நம்பர் பஸ் இனி ஆஸ்பத்திரி வாசலுக்கு வராது. பாலத்தின் மேலேயே நேராகப் போய்விடும். ஆஸ்பத்திரி நிறுத்தத்தின் மேல் சிவப்பில் ஒரு பெரிய பெருக்கல் குறி. கீழே, 'பயன்பாடு மிகக் குறைவு.'

"யாருக்கும் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கலாம்ல?" என்று கேட்டுக்கொண்டே இயக்குநர் கோப்பை மூடினார்.

"கொஞ்சம் இருங்கய்யா."

நான்காவது வரிசையில் ஒரு பெண் எழுந்தார். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்த விரல்கள்.

"அது எங்க ஸ்டாப். அதைத் தூக்கப் போறீங்கன்னு எனக்கு இப்பத்தான் தெரியும்."

"தூக்கலைம்மா. மறுசீரமைக்கிறோம்."

"அதாவது, இருக்காது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"பன்னிரண்டு நிமிஷம் மிச்சமாகுதும்மா!"

"யாருக்குய்யா மிச்சம்? பாலத்து மேல இறக்கி விட்டா ஆஸ்பத்திரிக்கு எண்பத்தாறு படி இறங்கணும். கால்ல கட்டுப் போட்டவரு எப்படி வருவாரு? உருண்டு வந்தா சீக்கிரம் வந்துடலாம். அதையும் மிச்சக் கணக்குல சேர்த்துட்டீங்களா?"

அரங்கம் கைதட்டியது. இந்தத் தடவை இயக்குநர் தண்ணீர் குடிக்கவில்லை.

"நேரம்தானே மிச்சமாகணும்? அதிகாரிங்க குடியிருப்புக்குள்ள பஸ் ஒரு சுத்து சுத்துதே, அதை நிறுத்துங்க. பத்து நிமிஷம் அங்கேயே போகுது. ஏறுறவரு ஒரே ஒருத்தர்."

"அந்த வாட்ச்மேன்," என்றார் பக்கத்தில் இருந்த நர்ஸ். "அவரும் சைக்கிள் வாங்கிட்டாரு அக்கா."

அந்தக் குடியிருப்பில் முதல் வீடு இயக்குநருடையது. அவர் ஒருநாளும் பஸ்ஸில் ஏறியதில்லை. ஆனால் தினமும் வாசலில் ஒரு பஸ் வந்து ஆஜர் கொடுத்துவிட்டுப் போவதில் அவருக்கு ஒரு திருப்தி.

"புள்ளிவிவரம் இல்லாமப் பேசக் கூடாதும்மா," என்று குரலை உயர்த்தினார். "நாங்க கணக்கெடுத்தோம். உங்க ஸ்டாப்புல நின்னது ஆறே பேர்!"

"எத்தனை மணிக்கு எடுத்தீங்க?" இது பார்வையாளர்.

இயக்குநர் மூடிய கோப்பைத் திறந்து புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார்.

"மத்தியானம்... ரெண்டரைக்கு மேடம்."

"ராத்திரி ஷிப்ட் முடியறது காலையில ஒன்பதுக்கு," என்றார் அந்தப் பெண். "ரெண்டரைக்கு வந்தா எங்க குறட்டையைத்தான் எண்ணியிருக்கணும். அதுக்கும் வீட்டுக்கு வரணும்."

பார்வையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார். "பதிவு பண்ணிக்கிறேன். நீங்க என்ன வேலை பார்க்கிறீங்கம்மா?"

"ஆஸ்பத்திரியில சலவைப் பிரிவு. பத்தொன்பது வருஷமா. அந்த வருஷக் கணக்கையும் எழுதிக்குங்க." சொல்லும்போது அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. அவர் சொன்ன எதையும் இதுவரை யாரும் எழுதிக்கொண்டதில்லை. சுற்றியிருந்தவர்களும் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார்கள்.

"ஆஸ்பத்திரி ஸ்டாப் இருக்கட்டும். குடியிருப்புச் சுத்தை எடுத்துடுங்க. அப்படியே திருத்தி அனுப்புங்க சார், கையெழுத்துப் போடுறேன்." பார்வையாளர் எழுந்து இயக்குநரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நிஜமான மக்களை இப்படிக் கூட்டி உட்கார வச்ச அதிகாரியை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். உங்களைப் பாராட்டி மேலே எழுதப் போறேன்."

இயக்குநரின் முகம் பாராட்டை வாங்குவதா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் வாங்கிக்கொண்டது.

பார்வையாளரின் கார் வளாகத்தைத் தாண்டியதும், இயக்குநர் டிரைவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"யாருய்யா இவங்கல்லாம்?"

"நீங்க கேட்ட ஆளுங்கதான் சார்." டிரைவரின் மார்பு இன்னும் இறங்கவில்லை. "அரங்கம் காலியா இருந்தா மானம் போயிடும், பஸ்ஸை எடுத்துட்டுப் போய் எங்கேயாவது சும்மா நிக்கிற நாற்பது பேரை ஏத்திட்டு வா, கைதட்டத் தெரிஞ்சா போதும்னு நீங்கதானே சார் சொன்னீங்க? ஒரு இடம் விடாமத் தேடிட்டேன். நாற்பது பேர் மொத்தமா நின்னது அந்த ஆஸ்பத்திரி ஸ்டாப்புல மட்டும்தான்!"