கூடத்துச் சிரிப்பு

அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது.

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ என்ன, அப்பாவேதான். விக்கல் மாதிரி இழுத்து இழுத்து, கடைசியில் இருமலில் முடிகிற அதே சிரிப்பு.

அப்பா இறந்து ஒரு மாதம் ஆகிறது.

மறுபடி சிரிப்பு. கூடவே அம்மாவின் குரல்: "போதுங்க, மூச்சு வாங்கப் போகுது."

அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? அப்படியென்றால் தன் காதில் விழுவது என்ன? சுவரைப் பிடித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள்.

அம்மா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில், பூந்தொட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்ட ஒருவன் தபால்பெட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அந்தக் காலத்துக் காமெடித் தொடர்.

"அம்மா... அப்பா குரல்..."

"இது உங்கப்பா எழுதினதுடி. யாரும் சிரிக்காம போயிட்டா என்ன பண்றதுன்னு அவருக்கு உதறல். ஷூட்டிங் பார்க்க வந்த கூட்டத்துல தானும் போய் உட்கார்ந்து, முதல் ஆளா சிரிச்சிடுவாரு. அது அப்படியே பதிவாயிடுச்சு."

அடுத்த ஜோக் முடிவதற்குள் அப்பா சிரித்துவிட்டார். கூட்டம் கப்சிப்.

அவர் பயந்துவிடப் போகிறாரே என்று அவள் அவசர அவசரமாகச் சிரித்தாள்.