பனங்கா ஜூலின் துப்பாக்கி

"இதுல இருந்த முன்குறிய எங்கய்யா வித்த?"

நெல்லித்தோப்பில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிற தெய்வசிகாமணி, கையில் இருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

கேட்டவர் சொல்தா ரோஜே. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சீக்கோடு பாதியில் திரும்பியவர். அதனால் பென்சன் கிடையாது. வீட்டில் அஞ்சு பிள்ளைகள். ரோஷத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

துப்பாக்கி அவர் பட்டாளத்துக் கூட்டாளி ஜூலுடையது. கீழே இருக்கிற வளையத்தை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா வந்து உட்காரும். பழைய அமெரிக்கச் சரக்கு. ஜூலுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு, அவர் சம்சாரம் ஓதெத் அதைக் கொண்டுவந்து, "உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாரு அண்ணே" என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

ரோஜே குழல் நுனியைத் தெய்வசிகாமணியின் மூக்குக்கு நேரே நீட்டினார். குறி பார்க்க நுனியில் கம்பெனிக்காரன் வைத்த முன்குறி என்றால் உச்சியில் பித்தளைப் பொட்டு இருக்குமாம். குழலில் ஓடுகிற அதே கருநீலம் குறியிலும் ஓடுமாம். இதுவோ கட்டையான மொட்டை இரும்பு. அது உட்காருகிற காடியின் ஓரத்தில் உளி தட்டின தழும்பு வேறு.

"இது உன் கைவேலைதானே?"

"ஆமாம் முசே. நான்தான் மாத்துனேன்."

"யார் மாத்தச் சொன்னா?"

தெய்வசிகாமணி அரத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"குறி கட்டையாயிட்டா என்ன ஆவும்னு தெரியாதா உனக்கு? குழல் தானா மேல தூக்கிக்கும். குண்டு பன்னி முதுகுக்கு மேல போவும்." ரோஜேயின் குரல் இறங்கிவிட்டது. "கடைசி வரைக்கும் அந்தப் பேரோடவே போய்ச் சேந்தான்யா அவன்."

அந்தப் பேரை வைத்ததே ரோஜேதான்.

கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம் கடலைக்கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கினால் இந்த இரண்டு பேரைத்தான் கூப்பிடுவார்கள். யார் குண்டில் பன்றி விழுந்ததோ அவருக்குப் பின்னந்தொடை. மற்றது எல்லாருக்கும் பங்கு. ஆரம்பத்தில் எப்போதும் ஜூல் குண்டில்தான் விழும். தொடையில் பாதியை ரோஜே வீட்டுக்கு அனுப்புவார். "ஓசிக் கறி எங்க அடுப்புல வேவாது" என்று அது அப்படியே திரும்பி வரும்.

அப்புறம் என்னவோ, ஜூலுக்குக் குறி தப்ப ஆரம்பித்தது. தொடையெல்லாம் ரோஜே வீட்டுக்குப் போனது. பன்றி கீழே ஓட, இவர் பனைமரத்தில் காய் பறிக்கிறார் என்று ரோஜே கேலி பண்ண, 'பனங்கா ஜூல்' என்ற பேர் முதலியார்பேட்டை வரைக்கும் பரவிவிட்டது. ஜூலும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

"வா, ஓதெத்தையும் கூட்டிக்கிட்டு நேரா போலீசுக்குப் போவலாம்" என்றார் ரோஜே.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷம். துப்பாக்கிக் கடைகளுக்கு அப்போது ஏகக் கெடுபிடி. ஒரு புகார் போனால் போதும், லைசன்ஸ் போய்விடும். தெய்வசிகாமணிக்கு வேறு தொழிலும் தெரியாது. ஆனாலும் மனுஷன் ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

ரோஜே சொன்னதையெல்லாம் ஓதெத் தன் வீட்டு வாசலில் நின்றபடியே கேட்டாள். உள்ளே போய், ஜூலின் மெடல்கள் இருக்கிற டப்பாவைத் திறந்து, சின்னதாக ஒன்றை எடுத்துவந்து ரோஜேயின் உள்ளங்கையில் வைத்தாள்.

கருநீல இரும்பு. உச்சியில் பித்தளைப் பொட்டு.

"இத மாட்டித்தான் உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு அண்ணே. நான்தான் இருந்த துக்கத்துல மறந்துட்டேன்." தெய்வசிகாமணி பக்கம் திரும்பினாள். "நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு மதாம்."

ரோஜேக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஜூலா மாத்தச் சொன்னான்? எதுக்கு?"

"வேணும்னே தப்பா சுடத்தான் பாத்தாரு. பட்டாளத்துல பழகுன கை, கேக்கல. அதான் குறியவே கட்டையாக்கிக்கிட்டாரு."

"அதான் எதுக்குன்னு கேக்கறேன்."

ஓதெத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"குடுத்து விட்டா திருப்பி அனுப்பிடுவீங்க. நீங்களே சுட்டதுன்னா புள்ளைங்க சாப்பிடுமில்ல அண்ணே."