முன்வாசல் தாழ்ப்பாள்

கணவர் சிவசைலம் இறந்த பிறகு, அவருடைய சட்டை வாசனையைத் துகள்களாக்கி நிக்கலில் கலந்து, முன்வாசல் தாழ்ப்பாளுக்கு முலாம் போட்டு வாங்கினாள் கோமதி. தாழ்ப்பாளை இழுக்கும்போதெல்லாம் பூச்சு கொஞ்சம் தேயும். சந்தன சோப்பும் வேர்வையுமாக அவரே வீட்டுக்குள் வருவதுபோல் இருக்கும்.

நாளடைவில் அடியிலிருந்த பித்தளை மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் கோமதி முன்வாசலை அடைத்துவிட்டுப் புறவாசல் வழியாகவே போய்வந்தாள்.

“ஏன்க்கா, முன்வாசல்ல பேயா கெடக்கு?” என்று பக்கத்து வீட்டு வேலம்மாள் கேலி செய்தாள்.

மீதிப் பூச்சை மகளுக்காகத்தான் வைத்திருந்தாள் கோமதி. கப்பலில் வேலைபார்த்த ஆவுடைச்செல்வியால் அப்பாவின் சாவுக்கு வர முடியவில்லை.

அவள் ஊர் வந்து சேர்ந்த அன்று கோமதி முன்வாசல் தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தாள். பெட்டியோடு நின்ற ஆவுடை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா மணக்குதும்மா... இன்னொரு தடவ சாத்தித் தெறயேன்.”

கோமதி தாழ்ப்பாளைப் பார்த்தாள். நகக்கண் அளவுக்குத்தான் வெள்ளைப் பூச்சு மிச்சமிருந்தது.

“உள்ள வந்து நீயே சாத்தித் தெறந்துக்கோட்டி” என்றவள், மகளின் கை தாழ்ப்பாளில் படுமுன் அடுப்படிக்குப் போய்விட்டாள்.