பெட்சபுரி கைடு

தாய்லாந்தின் பெட்சபுரியில், மலைமேல் இருந்த பழைய அரண்மனைக்குப் படியேறும்போது ஜெபசுந்தருக்கு மூச்சு வாங்கியது. கைடு அனன் அவரை மெல்லப் படியில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் வாங்க ஓடினான். காலையில் கோயில்களைச் சுற்றிக் காட்டியபோதும் அவன் அவர் கையை விடவில்லை.

“தங்கமான பையன்” என்றார் மனைவி ஞானபூரணியிடம்.

அரண்மனையும் கடற்கரையும் பார்க்கலாம் என்று சொல்லித்தான் அவரை சிவகாசியிலிருந்து அழைத்து வந்திருந்தாள். இனியும் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“கோவிச்சுக்கிடாதீக. அவரு கைடு இல்ல. நம்ம ஜெஸ்லின் இங்க டீச்சரா வந்த எடத்துல கட்டிக்கிட்டாளே, அவருதான்.”

மூன்று வருடமாக மகள் பேரையே வீட்டில் எடுக்கவிடாதவர், “தெரியும்” என்றார்.

“எப்படி?”

“காலையில ஓட்டல்ல ‘சாப்பிட்டீகளா’ன்னு கேட்டாரே. நம்ம ஊருக்காரி சொல்லித் தராம அந்தப் பேச்சு எங்க இருந்து வரும்?”

ஞானபூரணிக்குக் கண் கலங்கியது. “கடற்கரை ஓட்டல்ல இருக்கா. நீங்க ஏசுவீகன்னு பயந்துக்கிட்டு வரல.”

அனன் தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்தான். ஜெபசுந்தர் அவன் தோளைப் பிடித்து எழுந்தார்.

“அரண்மனைய நாளைக்குப் பாப்போம் மாப்ள. வண்டிய எடுங்க.”