ஒரு முழக் கயிறு

"இப்பல்லாம் எவனும் கண்ணால பாக்குறதே இல்ல. கல்யாண வீட்டுலயும் கேமராப் பொட்டி, எழவு வீட்டுலயும் கேமராப் பொட்டி. மாடு தேடவும் ஒருத்தன் பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்துட்டான்" என்று கண்மாய்க் கரையில் நின்று கத்தினார் ஆவுடையப்பன்.

அமல்ராஜ் காதில் வாங்காததுபோல் ட்ரோனின் கைகளை விரித்துக்கொண்டிருந்தான். வெல்டிங் பட்டறைக்காரன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இதைப் பறக்கவிடுவதுதான் அவனுடைய பொழுதுபோக்கு. இன்று அவனை வரச்சொன்னது ஆவுடையப்பனின் மனைவி செங்கமலம்.

நேற்று ஜல்லிக்கட்டில் வாடிவாசலைத் தாண்டிப் பாய்ந்த அவர்களுடைய செவலைக் காளை வீடு திரும்பவில்லை. பின்னாலேயே ஓடிய ஆவுடையப்பனும் பொழுது சாய்ந்து வெறுங்கையோடு வந்தார். மாட்டைப் பிடித்துக் கட்ட வாங்கிய புதுக் கயிறு செங்கமலத்தின் மடியில் அப்படியே கிடந்தது.

"கயிறக்கூட வாங்காம ஓடுனீங்க. தோள்ல கெடந்த துண்டையும் தொலச்சுட்டு வந்தீங்க."

"கூட்டத்துல எவனோ உருவிட்டான். துண்டா இப்ப முக்கியம்?"

"நான் பச்சத்தண்ணி குடிக்கல. நீங்க வயிறு முட்டத் தின்னுட்டுக் கொறட்ட விடுறீங்க. அந்தக் குவாரிப் பள்ளத்துல விழுந்து கெடந்தா?"

"விழுந்திருக்காது."

"எப்படித் தெரியும்?"

"தெரியும். விடு."

அமல்ராஜ் எழுந்தான். "தள்ளி நில்லுங்க பெரியப்பா, ஏத்தப் போறேன்."

ஆவுடையப்பன் தள்ளவில்லை. ட்ரோனுக்கு நேர் மேலே காலைத் தூக்கினார். "பெர்மிஷன் வாங்குனியா? போலீசு வந்தா யாரு பதில் சொல்றது? மிதிச்சேன்னா தூள் தூளாப் போயிரும், பாத்துக்க."

"பட்டறையில வெந்து சம்பாதிச்சு வாங்குனது. கால எடுங்க."

"இதுல என்ன பொழப்பு இருக்கு ஒனக்கு? மனுசன்னா உருப்படியா ஒண்ணு செய்யணும்."

"ஒங்க செவலை ஏர் உழுகுதா? வண்டி இழுக்குதா? வருசத்துல ரெண்டு நாள் ஓடுறதுக்குப் பருத்திக்கொட்டையும் பேரிச்சம்பழமும் போடுறீங்க. எனக்கு இது, ஒங்களுக்கு அது."

"அதுவும் இதுவும் ஒண்ணாடா? அது உசுரு."

"உசுருன்னு தெரியுதுல்ல?" செங்கமலம் குறுக்கே வந்து நின்றாள். "அப்ப கால எடுங்க."

அவர் காலை எடுத்தார். ட்ரோன் தேனீபோல் இரைந்துகொண்டு எழுந்தது.

அமல்ராஜின் கையிலிருந்த திரையில் முதலில் குவாரிப் பள்ளம் தெரிந்தது. பச்சைத் தண்ணீர். ஓரத்தில் செம்மண் நிறத்தில் ஏதோ உப்பி மிதந்தது. செங்கமலம் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். ஆவுடையப்பன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ட்ரோன் கீழே இறங்கியது. "தார்ப்பாய் பெரியம்மா. மாடு இல்ல."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "சனங்க இருக்குற பக்கம் போயிருந்தா யாரையாச்சும் குத்திருக்குமேப்பா. இவர் கைக்கும் என் கைக்கும் தவிர யாருக்கும் அடங்காது. இல்லேன்னா..."

"அவ பேச்ச எடுக்காத" என்றார் ஆவுடையப்பன்.

அவள் என்பது மகள் ரஞ்சிதா. மூன்று வருடங்களுக்கு முன் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு கண்மாய்க்கு அந்தப் பக்கம் குடிபோனாள். போகும்போது அவள் கேட்டது ஒன்றுதான்: தாயில்லாத கன்றாக இருந்தபோது அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த செவலை. "இந்த வீட்டுலேருந்து ஒரு முழக் கயிறுகூட அங்கிட்டு வராது. நானும் ஒன் வாசல மிதிக்க மாட்டேன்" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டார் அப்பா.

"அங்கிட்டும் ஒரு தடவ பாத்துருவோம்" என்று அமல்ராஜ் ட்ரோனைத் திருப்பினான்.

"அங்கிட்டு எதுக்கு? வேணாம்."

"பாத்தா என்ன பெரியப்பா?"

"எறக்குடா அத." ஆவுடையப்பன் ரிமோட்டைப் பிடுங்கக் கை நீட்டினார். செங்கமலம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்படிப் பிடித்ததில்லை.

கண்மாய்த் தண்ணீர் நகர்ந்தது. கருவேலங்காடு நகர்ந்தது. ஓட்டு வீடு, முள்வேலி, வேலிக்கு வெளியே ஒரு புங்கமரம். மரத்தடியில் செவலை நின்றது. ஒரு பெண் அன்னக்கூடையை ஏந்தி நிற்க, அது தலையைக் கவிழ்த்துத் தின்றுகொண்டிருந்தது.

"ரஞ்சிதா" என்றாள் செங்கமலம். கண் நிறைந்துவிட்டது. "பால் குடுத்தவளத் தேடித் தானாப் போயிருக்கு பாருங்க."

ஆவுடையப்பன் திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மாட்டை மட்டும்தான் பார்த்தாரா என்று அமல்ராஜுக்குச் சந்தேகமாக இருந்தது.

"அது நம்ம மாடே இல்ல" என்றார். "பொட்டி பொய் சொல்லுது." திரும்பிக் கரையோடு நடக்கத் தொடங்கினார்.

"தானாப் போன மாடு மரத்துல கட்டிக் கெடக்குதே பெரியம்மா" என்று அமல்ராஜ் படத்தைப் பெரிதாக்கினான். "எதால கட்டிருக்கு? கயிறு மாதிரித் தெரியலயே."

செங்கமலம் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, போய்க்கொண்டிருந்தவரின் வெறும் தோளைப் பார்த்தாள்.

"ஏங்க, ஒங்க பச்சத் துண்டு..."

"நான்தான் சொன்னேன்ல, அந்தப் பொட்டிய நம்பாதேன்னு" என்றார் அவர், திரும்பாமலேயே. நடையும் நிற்கவில்லை.

செங்கமலம் தன் கையில் இருந்த கயிற்றை முழம் போட்டுப் பார்த்தாள். ஒரு முழம்கூடக் குறையவில்லை.