புகை ஏறிய ஒயின்

"கொட்டிடுங்க மாமா. இது தேறாது." வாயில் இருந்த ஒயினை வாளியில் துப்பிவிட்டுச் சொன்னாள் கசில்டா.

நிலவறையில் ஆறு பீப்பாய்களுக்கு நடுவே அபுந்தியோ தலைகுனிந்து நின்றார். ஸ்பெயினின் டோரோ வட்டாரத்தில் அவர் ஒயினுக்குத் தனி மரியாதை. கறுப்பாக, கெட்டியாக, நாக்கைப் பிடித்து நிறுத்துகிற ஒயின். இருபது வருஷம் கிடந்தாலும் கெடாது. கசில்டா, கூட்டுறவுச் சங்கத்துக்காகச் சுவை பார்க்கிறவள். அவள் நாக்கு சொன்னால் சொன்னதுதான்.

"இன்னொரு வாய் பாரேன், மகளே."

கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, மறுபடி ஒரு வாய் எடுத்தாள். முகம் சுருங்கியது.

"முதல்ல பழம் வருது. நல்ல கனம். அப்புறம் சாம்பல்தான். அணைஞ்ச அடுப்பை நக்கின மாதிரி இருக்கு. ஆகஸ்ட்ல மலை எரிஞ்சப்ப பழம் கொடியிலதானே இருந்தது? தோல்ல புகை இறங்கிடுச்சு. ஊர்ல எல்லாருக்கும் இதே கதி. அவங்க கொட்டிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் கட்டிக்கிட்டு அழறீங்க."

"நான் கொட்டலை. பாட்டில்ல அடைச்சு வைக்கப்போறேன்."

"எதுக்கு?"

"வருஷம் போகப் போக அந்தப் புகை என்ன ஆகும்? அதை மட்டும் சொல்லு."

கசில்டாவுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் தொழிலில் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"கிடக்கக் கிடக்க ஏறத்தான் செய்யும், மாமா. உங்க காலத்துல அது போகாது."

அபுந்தியோ கண்களை மூடிக்கொண்டார். கசில்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசை விட்டுடாதீங்க. நானும் அந்தத் தீயில புருஷனைக் குடுத்தவதானே? புகையைப் பார்த்ததும் நிக்கானோர் டிராக்டரை எடுத்துக்கிட்டு ஓடினது உங்க தோட்டத்துப் பக்கம்தான். திரும்பி வரலை. அதுக்காக நான் படுத்துட்டேனா? வேலைக்கு வந்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டார்.

"எல்லாப் பீப்பாயும் இப்படித்தானா?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாமேதான்."

அவள் படியேறிப் போனாள். வண்டிச் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை அபுந்தியோ அசையவில்லை. பிறகு ஒரு கோப்பை நிறையப் பிடித்து, துப்பாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார். குமட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார்.

தினம் ஒரு கோப்பை என்று வைத்தால் ஆறு பீப்பாயும் தன் ஆயுசுக்குக் காணும். அதுவரை அந்தப் புகை குறையாது என்று நிக்கானோரின் மனைவியே சொல்லிவிட்டாள். ஆகஸ்ட் மாதத்து அந்த மதியம், கோடையில் தீ மூட்டக் கூடாது என்ற தடையை மீறி, தோட்டத்து ஓரத்தில் காய்ந்த கொடிகளைக் குவித்துத் தீ வைத்தது அபுந்தியோதான்.