சுரண்டாமல் விட்டது

குஞ்சம்மாள் நேராக அந்தச் சுவருக்குத்தான் போனார்.

மாரக்காள் பதறிக்கொண்டு பின்னாலேயே போனாள். வாசலில் வண்டி கட்டி நின்றது. பானை, பாய், அம்மிக்கல் எல்லாம் ஏற்றியாயிற்று. வீட்டுக்காரம்மாள் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்வதுதான் பாக்கி.

சாவி பெரிதில்லை. அந்த அம்மாள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வர வேண்டும்.

துரைமார் கார் ஏறிப்போக மலைப்பாதையை அகலப்படுத்துகிறார்கள். அங்கே மாரக்காளின் புருஷன் செல்லமுத்துவுக்குக் கல் உடைக்கும் வேலை கிடைத்திருந்தது. மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் அவர்கள் குடிபோகப் பார்த்திருந்த வீடு குஞ்சம்மாளின் தம்பி பெரியசாமியுடையது. அக்கா சரியென்று சொன்னால்தான் வீடு என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அதற்காகவே நேற்று முழுக்க மாரக்காள் மாடாய் உழைத்தாள். ஆணி ஓட்டைகளைக் களிமண் வைத்து அடைத்தாள். அடுப்படிக் கரியைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். தரையை மெழுகினாள். நாலு சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தாள்.

கதவோரச் சுவரில்தான் ஏமாற்றிவிட்டாள்.

அங்கே, உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில், வெற்றிலைச் சுண்ணாம்பு கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. வெற்றிலைக்குத் தடவிய மிச்சத்தை யாரோ விரலோடு அங்கேயே தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தார்கள். அவள் குடிவந்த அன்றே இருந்தது அது. சொன்னால் யார் நம்புவார்கள்? செல்லமுத்துவும் வெற்றிலை போடுகிறவன்தான். திட்டித் திட்டி அவனை விரலைத் துண்டில் துடைக்கப் பழக்கிய பாடு அவளுக்கல்லவா தெரியும்.

குஞ்சம்மாள் அமாவாசை தவறாமல் வருவார். மோர் கொடுத்தால் குடிப்பார். பேச்சு அதிகம் கிடையாது. அந்தச் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார். மூன்று வருஷமாக அந்தப் பார்வைக்கு மாரக்காள் கூசிக்கொண்டிருந்தாள்.

சுரண்டிவிட்டுத்தான் அடித்திருக்க வேண்டும். மற்ற மூன்று சுவரிலேயே கை ஓய்ந்துபோயிற்று. ஒரு கட்டியைக்கூடத் தொடாமல் மேலேயே இரண்டு பூச்சுப் பூசி மறைத்துவிட்டாள்.

இப்போது குஞ்சம்மாள் வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தச் சுவரோரம் குந்தினார். பளிச்சென்று இருந்த சுவரைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று.

"ஏனம்மணி, எல்லாத்தையும் சுரண்டிப் போட்டியா?"

ஆமாம் என்று ஒரு பொய் சொன்னால் வீடு கிடைத்துவிடும். ஆனால் கை வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

"இல்லீங்க ஆத்தா, கை ஓஞ்சுபோயி மேலயே பூசிப்போட்டனுங்க. இப்பவே சுரண்டிக் குடுத்துர்றனுங்க."

வண்டியிலிருந்து கரண்டி எடுத்துவர ஓடப் பார்த்தவளைக் குஞ்சம்மாள் கையைப் பிடித்து நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கையால் சுவரைத் தடவினார். விரல் ஒரு மேட்டில் தட்டி நின்றது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று.

"சொவத்த நாசம் பண்றீங்களேன்னு தெனமும் ஏசுவேன். எங்கூட்டுக்காரவிங்க சிரிச்சுக்கிட்டே மறுக்காவும் இங்கியேதான் தேய்ப்பாங்க."

அமாவாசைக்கு அமாவாசை அவர் எதைப் பார்க்க வந்தார் என்பது மாரக்காளுக்கு அப்போதுதான் விளங்கியது.

குஞ்சம்மாள் ஒவ்வொரு மேட்டையும் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார். சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"தம்பிகிட்ட நாஞ் சொன்னேன்னு சொல்லு. போயிட்டு வா சாமி."

வண்டி இளம்பிள்ளை ஊரெல்லையைத் தாண்டியதும் செல்லமுத்து ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவினான். துண்டு மூட்டைக்குள் எங்கோ போய்விட்டிருந்தது. மாரக்காளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே விரலை வண்டிச் சட்டத்தில் தேய்த்தான்.

திட்டு வரும் என்று காத்திருந்தான். கொண்டப்பநாயக்கன்பட்டி போய்ச் சேரும்வரை அது வரவில்லை.